பதினைந்து சென்டிமீட்டர்

அந்த மருத்துவமனையின் முதல் மாடிக் காரிடாரில் நாற்பது நாற்காலிகள் உண்டு. சீலிங்கில் பன்னிரண்டு ஏசி கிரில்கள். ஒன்றிலிருந்தும் காற்று வராது. நுரையீரல் நோயாளிகள் காத்திருக்கும் இடம் அது. வாரா வாரம் தன் அப்பாவை அங்கே கூட்டி வரும் பொறியாளர் அம்மாவுக்கு இப்போது நாற்பது வயது. அந்தக் காரிடாரின் காற்றுக் கணக்கைப் போட்டவர் அவர்தான்.

கட்டடப் பொறியியல் கடைசி வருடத்தில் போட்ட கணக்கு அது. ஒரு அறக்கட்டளை மாணவர்களுக்கு மருத்துவமனை வடிவமைப்புப் போட்டி வைத்து, உண்மையான மனையையே கொடுத்து, "நல்லா வந்தா இதையே கட்டுறோம்" என்று சொல்லியிருந்தது. குழுவில் மூன்று பேர். தலைவனுக்குக் கட்டட வடிவமைப்பு. பீம் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப்பிச்சானுக்குத் தூணும் உத்திரமும். இவருக்குக் காற்றுக் குழாய்கள்.

சமர்ப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு வரைபடங்களைப் 'பூட்டிவிடுவார்கள்'. அதன்பின் யாராவது எதையாவது மாற்றினால், சுவரில் ஒட்டிய பொதுத்தாளில் சிவப்புப் பென்சிலால் எழுத வேண்டும். பூட்டிய மூன்றாம் நாள் பீம் உத்திரத்தின் ஆழத்தைப் பதினைந்து சென்டிமீட்டர் கூட்டினான். சிவப்பில் எழுதவும் செய்தான். ஆனால் மூவரும் கட்டடத்தின் மாதிரியை அட்டையில் ஒட்டிச் செய்வதில் மும்முரமாக இருந்தார்கள். அந்தத் தாளின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

சமர்ப்பிக்கும் அன்று காலை, தாள்கள் அச்சாகி வரும்போதுதான் இவர் கண்ணில் பட்டது. உத்திரத்துக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே சீலிங். தரையிலிருந்து சீலிங் வரை இரண்டு மீட்டர் நாற்பது இருக்க வேண்டிய உயரம் இரண்டு இருபத்தைந்தாகிவிட்டது.

"இடிக்குதுடா. இப்ப என்ன பண்றது?"

"ரெண்டு நாப்பதுன்னே போட்டுடு," என்றான் தலைவன். "ஜூரி ஸ்கேல் வச்சா அளக்கப் போறாங்க?"

"தப்பு இல்லையா?"

"தாயே, இது காகிதம். யாரு தலையும் இடிக்காது."

இவர் போட்டார். ஜூரி அளக்கவில்லை. முதல் பரிசு கிடைத்தது. விருந்தில் பீம் இவருக்கு 'பதினஞ்சு' என்று பெயர் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சேர்ந்துதான்.

இவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். அறக்கட்டளை சொன்னபடியே கட்டியது. ஒரு பொறியாளர் முகப்புத் தாளை மட்டும் புரட்டிவிட்டு, எல்லாம் சரி என்று முத்திரை குத்தினாராம். பதினெட்டு வருடம் கழித்து, அப்பாவின் மூச்சிரைப்புக்கு நல்ல டாக்டர் எங்கே என்று விசாரித்தபோது எல்லோரும் இந்த மருத்துவமனையைக் காட்டினார்கள்.

முதல் நாளே இவர் பஸ் டிக்கெட் துண்டு ஒன்றைக் கிரிலுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். அசையவில்லை. பராமரிப்பு சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்தார். அவர் ஏணி போட்டு ஒரு சீலிங் பலகையைத் தூக்கிக் காட்டினார். மேலே காங்கிரீட்டும் ஒட்டடையும்தான்.

"குழாய் எங்கேங்க?"

"போட வந்தப்போ இடம் பத்தலம்மா. சீலிங்கை இறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதனால குழாயை விட்டாச்சு. கிரிலை மட்டும் மாட்டிட்டோம். பார்க்க லட்சணமா இருக்கணும்ல?"

"யாரும் கேக்கலையா?"

"கேக்காம? டிராயிங்ல ரெண்டு நாப்பது கரெக்டா இருக்கே. மேஸ்திரி அளவுல கோட்டை விட்டுட்டாருன்னு எழுதி, அவரை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. பாவம், டேப்பைக் கையில வச்சுக்கிட்டு நாள் முழுக்கக் கத்தினாரு. யாரு கேட்டா?"

அன்றே இவர் தலைவனுக்குப் போன் செய்தார்.

"என்ன பதினஞ்சு, திடீர்னு ஞாபகம்?"

இவர் விஷயத்தைச் சொல்லி, "மூணு பேரும் எழுதிக் கொடுத்துடலாம். மேஸ்திரி மேல தப்பு இல்லன்னு," என்றார்.

"உனக்கென்ன கிறுக்கா? எனக்குக் கீழே எண்பது பேர் வேலை செய்யறாங்க. பேர் கெட்டா நீ வந்து நிப்பியா?"

"நீதானே போடச் சொன்னே?"

"சொன்னேன். எழுதினது யாரு கை?"

இவர் போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டார். பீம் போனையே எடுக்கவில்லை.

மேஸ்திரியைப் பற்றி விசாரித்தார். எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் யோசித்து, தன் பெயரை மட்டும் போட்டு அறக்கட்டளைக்கு எழுதினார். பொறியாளர்களுக்கு உரிமம் தரும் குழுவுக்கும் ஒரு நகல். அறக்கட்டளையிலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி வந்தது. குழு இவருடைய உரிமத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. அலுவலகத்தில் இவருடைய மேஜை ஜன்னலோரத்திலிருந்து ஸ்டோர் ரூம் வாசலுக்கு நகர்ந்தது.

"எழுதினது நல்லதும்மா," என்றார் சூப்பர்வைசர். "ஆனா இனிமே உத்திரத்தை சீவவா முடியும்?"

அடுத்த வாரமும் காரிடார் நிறைந்திருந்தது. அப்பா எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டார்.

"இதைக் கட்டின புண்ணியவான் கையில கிடைச்சா நாலு வார்த்தை கேக்கணும்," என்றார்.

"கேளுங்கப்பா. நான்தான்."

அப்பா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், காலையில் அச்சான தாளிலிருந்து கடிதம் வரை. அப்பா நடுவில் இருமினார். முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்த மேஸ்திரி?"

"தேடினேன்பா. கிடைக்கல."

அப்பா விசிறுவதை நிறுத்தினார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். இவர் தாங்க நீட்டிய கையை விலக்கினார்.

"அடுத்த வாரம் உன் தம்பியோட வந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் தனியாகப் போனார்.