அத்தை வீட்டுப் புகை

எங்கள் குடும்பத்தில் கோபித்துக்கொள்வதற்கும் ஒரு முறை இருந்தது. தப்புச் செய்தவர் வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வந்து கூப்பிடும்வரை, கோபித்துக்கொண்டவர் வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, இதில் பெரிய கெட்டிக்காரி. என் தம்பிக்குக் காது குத்தியபோது அப்பா நேரில் போய் அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார். பூம்பாறையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வயல் கீழேதான் அத்தை தனியாக இருந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அத்தையைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். பெரியவர்கள் போனால் தோற்றதாகிவிடும், எட்டு வயதுப் பெண் போனால் கணக்கில் வராது. மலையிலிருந்து மஞ்சு மூடுபனியாய் இறங்கியிருந்தது. என் கால் எனக்கே தெரியவில்லை. அத்தை வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, பரணில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டுக்குக் கீழே, அது கெடாமலிருக்கப் புகை போடும் அடுப்பருகில், அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அத்தே, இன்னும் கோவமா?” என்று கேட்டேன்.

பதில் இல்லை. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு என்னையே பார்த்தாள். பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பழிப்புக் காட்டுகிறவர்கள் சிறிது நேரத்தில் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள். அத்தை முகம் அப்படியே இருந்தது. பக்கத்தில் கிடந்த போன் அடித்து ஓய்ந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுப்பில் விறகின் உள்முனை எரிந்துபோய் மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, புகை அடங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குப் போனால் விறகைத் தள்ளிவிடுவது எப்போதும் என் வேலை. நாள் முழுக்கப் புகையும் பெரிய கட்டை ஒன்றையும் வைத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்தேன்.

“பேசுனாளா?” என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். கதவு திறந்து கிடந்ததையும் வாயைக் கோணியதையும் சொன்னேன். சின்னப் பிள்ளையிடம் போய்ப் பழிப்புக் காட்டுகிறாளே மதினி என்று அம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

கொடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டும் சித்தப்பா சாயங்காலம் வந்தார். அவருக்கு ஏதோ உறுத்தியது. காலையில் தான் கூப்பிட்டபோது அக்கா போனை எடுக்கவில்லையே என்றார். எடுத்தால் கோபம் தீர்ந்ததாக ஆகிவிடுமே என்றார் அப்பா. கோபக்காரி கதவைத் திறந்தா வைப்பாள் என்றார் சித்தப்பா. நாம் வந்து கூப்பிடட்டும் என்று திறந்து வைத்திருக்கிறாள் என்றார் அப்பா. அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சித்தப்பா விடாமல், தான் ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வருவதாக எழுந்தார். அப்பா ஜன்னலைத் திறந்து கீழே காட்டினார். வெள்ளை மஞ்சுக்குள்ளிருந்து அத்தை வீட்டுக் கூரைக்கு மேல் கருப்பாய்ப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“வெறகு தள்ள ஆளில்லாமலா பொகை வருது? ஒக்காருடா.”

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். நான் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். விறகைத் தள்ளியது யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளனே பார்த்தபோது புகை இல்லை. சித்தப்பா வரப்புகளில் விழுந்தடித்து ஓடினார். அத்தைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நேற்றே கொண்டுவந்திருந்தால் பேச்சாவது திரும்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அடுத்த பூண்டு அறுப்புவரை அத்தை எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். அப்பா தினமும் தன் கையால் கஞ்சி ஊட்டுவார், ஊட்டும்போதே அழுவார். அத்தை அவரைப் பார்க்கமாட்டாள். நான் அறையில் எங்கே போனாலும் அவள் கண் என் பின்னாலேயே வந்தது. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு நாள் பெட்டிக்கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிவந்து அவள் கைக்குள் வைத்தேன்.