மதினியின் உள்ளங்கை

பெரியபட்டினத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று எங்கள் அத்தா சொல்லித்தான் அனுப்பினார். மாப்பிள்ளையின் அக்காவான என் மதினிக்குக் காதோடு கண்ணும் போய்விட்டதையும் சொல்லியிருந்தார். அக்காவும் தம்பியும் ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் தட்டியும் தடவியும் நாளெல்லாம் பேசிச் சிரிப்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டின பெண்டாட்டி நான் சோறும் ஆணமும் ஆக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்; அவர் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தெருவில் பல வீடுகளில் அப்படி யாராவது இருந்தார்கள். பிறக்கும்போதே காது கேட்காது, வயசு ஏற ஏறக் கண்ணும் மங்கும். அதனால் அந்தக் கைப்பேச்சு எல்லாருக்கும் தண்ணீர் பட்ட பாடு. "கத்துக்கடி, சுளுவா வந்துரும்" என்பார் மாப்பிள்ளையின் உம்மா, என் மாமி. நான் வீம்புக்குக் கற்றுக்கொள்ளவில்லை. மதினியின் பாஷை எனக்கெதற்கு?

நான் மாசமாக இருந்தபோது மாமி தன் பிள்ளைகள் இருவரையும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தார். அவ்வளவு பெரிய பட்டணத்திலேயே இந்தச் சீக்கு எப்போதாவதுதான் கண்ணில் படும், ஒரே தெருவில் இத்தனை பேரா என்று டாக்டர் அசந்துபோனாராம்.

"சொந்தத்துக்குள்ளயே பொண்ணு குடுத்து வாங்குறதுல வர்றதாம். நீ வெளிய இருந்து வந்தவ. ஒம் பிள்ளைக்கு அநேகமா வராதுங்குறாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. காது கேட்கிற பிள்ளை! அந்த வீட்டில் என்னோடு வாய் திறந்து பேச எனக்கே எனக்கென்று ஒரு ஆள்.

மகள் பிறந்தாள். தட்டு விழுந்தால் திடுக்கிட்டு அழுவாள். அந்த அழுகை எனக்குத் தேனாக இருக்கும். ஆனால் அடுப்படி என்னை விடவில்லை. பிள்ளை பகலெல்லாம் மதினி மடியில்தான் கிடந்தாள். நான் கிடைத்த நேரமெல்லாம் அவள் காதில் "உம்மா சொல்லு, உம்மா சொல்லு" என்று ஓதினேன். அவள் சிரிப்பதோடு சரி.

ஒரு நாள் பிள்ளை மதினியின் கையை விரித்து, பெருவிரலால் அழுத்தித் தடவினாள். மதினி பூரித்துப்போய் ஒரு சத்தம் போட, மாமி ஓடி வந்தார்; பிள்ளை மறுபடியும் அப்படியே தடவுவதைப் பார்த்தார்.

"பிள்ளை பேசிருச்சுடி."

"என்ன சொல்லுச்சு, மாமி?"

"உம்மா எங்கன்னு கேக்குது. ஒன்னயத்தான்."

என்னைத்தான் தேடியிருக்கிறாள். அதையும் மதினியிடம் கேட்டிருக்கிறாள். வயிறெரிய, பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் என் கையை விரித்து ஏதோ தடவிவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மதினியின் பக்கம் கையை நீட்டினாள்.