வழித்துப்போட்ட மண்

என் அக்காவைக் கட்டியவருக்குக் கரையான் மருந்தடிப்பதுதான் தொழில். அவருக்குக் 'கரையான் அத்தான்' என்று பெயர் வைத்தது நான். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிச் சிரித்தேன். ஒருநாள் அவரே ஃபோன் போட்டு, "மச்சான், கரையான் பேசுறேன்" என்று ஆரம்பித்தார். அதன் பிறகு அந்தக் கேலியில் எனக்கு ருசியே இல்லாமல் போய்விட்டது.

அவரிடம் எனக்கு ஆகாதது அந்த வாடை ஒன்றுதான். அழுகின பூண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்தது போல ஒரு வாடை. வேலை முடிந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்படியும் அவர் வந்து போன பிறகு அரை நாளைக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன். எனக்கு வாடை என்றாலே குமட்டும். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் டிபன் பாக்ஸைத் திறந்தால் எழுந்து போகிற ஜென்மம் நான். அத்தானுக்கும் இது தெரியும். அதனால் வீட்டுக்குள் வந்ததும் ஒரு பழைய பேப்பர் கேட்பார். அதைத் தரையில் விரித்து உட்காருவார். நாற்காலியைக் காட்டினால், "வேணாம் மச்சான், வாடை ஒட்டிக்கும்" என்பார். நான் இரண்டாம் தடவை சொன்னதே இல்லை.

அவர் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வாலிபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய ரிஜிஸ்டர்களைக் காக்கிற வேலையில் இருந்தார். ஒரு கோடை விடுமுறை முடிந்து அறையைத் திறந்தால், அலமாரி அலமாரியாக வெறும் மண். நாற்பது வருஷத்துப் பிள்ளைகளின் பெயர்களைத் தின்று தீர்த்திருந்தது கரையான். வேலை போயிற்று. மற்றவர்களுக்குக் கரையான் ஒரு பூச்சி, இவருக்கு ஜென்மப் பகை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி அறையின் நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்த்தார். அக்கா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நான் வீடு கட்டத் தொடங்கியதும், கூப்பிடாமலே பீப்பாயும் பம்புமாக வந்து நின்றார். அஸ்திவாரக் குழியில் ஒரு தடவை அடித்தார். சுவர் எழும்பி, அறைகளுக்குள் செம்மண்ணைக் கொட்டி இறுக்கிய பிறகு இன்னொரு தடவை. கம்பியால் அடிக்கு ஒரு குத்து குத்தி, ஒவ்வொரு குத்திலும் அளந்து ஊற்றினார். இரண்டு நாள் மண்டியிட்டே நகர்ந்தார். போகும்போது என்னையும் கொத்தனாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"இந்த மண்ணு மேல இனிமே யாரும் கை வைக்கக்கூடாது. ஒரு கரண்டி மண்ணை எடுத்தாக்கூட அந்த எடத்துல அதுக்கு வாசல் தொறந்து விட்ட மாதிரி. நேரா கான்கிரீட்டைப் போட்டுடுங்க."

மறுநாள் காலையில் போனேன். வெயில் ஏறியிருந்தது. அறைக்குள் கால் வைத்ததும் அந்த வாடை தொண்டை வரை இறங்கியது. இதன் மேலேயா படுக்கப் போகிறேன், இதன் மேலேயா சாப்பிடப் போகிறேன் என்று நினைத்ததும் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு கொத்தனாரிடம் சொன்னேன்.

"ஒரு அடி மண்ணை வழிச்சு வெளியில கொட்டிடுங்க. நல்ல வெள்ளை மணலா போட்டு நிரப்புங்க."

"சார், அவரு அவ்வளவு சொல்லிட்டுப் போனாரே."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் பேசவில்லை. மண்ணை வழித்தார்கள், மணலைக் கொட்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள். வீடு மணக்க மணக்க இருந்தது. அத்தான் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றே வருஷம். படுக்கையறை நிலையில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது. விரலால் தொட்டேன். பெயிண்ட் மட்டும்தான் மிச்சம் இருந்தது, விரல் அப்படியே உள்ளே போய்விட்டது. உள்ளே ஈரமாக, வெதுவெதுப்பாக, சோற்றுப் பருக்கைக்குக் கால் முளைத்தது போல நூறு நூறாக நெளிந்தன. சில என் நகத்திலும் ஏறின. அலறிக்கொண்டு கையை உதறினேன். அலமாரியைத் திறந்தால் என் சட்டைகளுக்கு முதுகே இல்லை. மடிப்புக்குள் ஈரமண், அதற்குள்ளும் அவை. அன்று ஏழெட்டுத் தடவை கை கழுவியிருப்பேன். அப்படியும் அந்தக் கையால் சாப்பிட முடியாமல் ஸ்பூனைத் தேடினேன்.

சொந்தபந்தம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "மச்சான் வீட்டையே காப்பாத்தத் துப்பில்லை, இவரெல்லாம் ஊருக்கு மருந்தடிக்கிறாராம்" என்று சிரித்தார்கள். அத்தான் புது வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பீப்பாயைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கலவையில் தண்ணீர் கூடிவிட்டதோ, கண் மங்கி அளவுக்கோடு தெரியவில்லையோ என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார் என்று அக்கா ஃபோனில் அழுதாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாவம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

மூன்று மாதம் கழித்து அக்கா அவரைப் பிடிவாதமாக இழுத்து வந்தாள், டிரில்லும் கையுமாக. ஓட்டை போட்டு மருந்து இறக்குவதுதான் இனி ஒரே வழி. சுவரோரமாக மண்டியிட்டு டைல்ஸில் முதல் ஓட்டையைப் போட்டார். டைல்ஸ் தூள் வந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் கான்கிரீட் தூள். அடுத்து செம்மண் வர வேண்டும்.

வெள்ளை மணல் வந்தது.

டிரில்லை நிறுத்தினார். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார். இரண்டாவது ஓட்டை, மூன்றாவது ஓட்டை. அதே வெள்ளை மணல். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சமையலறையில் இருந்த அக்காவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வாடை ஒத்துக்கலைன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான். வாடையே இல்லாத மருந்தும் இருக்கு. வாங்கி அடிச்சிருப்பேனே."

அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "என்னங்க ஆச்சு? ஏதாவது தெரிஞ்சுதா?"

மணலைக் கையால் மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. என் கலவையிலதான் ஏதோ தப்பு."

இவ்வளவு நாள் வாடைக்கு மூக்கைப் பொத்தியவனுக்கு அந்தப் பொய்யைத்தான் தாங்க முடியவில்லை. "அக்கா, அவர் கலவையில ஒரு தப்பும் இல்ல. மருந்தடிச்ச மண்ணை வழிச்சுப் போடச் சொன்னது நான்தான். வாடை அடிச்சுதுன்னு" என்றேன்.

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை. "மூணு மாசமா இந்த மனுஷன் ஒழுங்கா சோறு திங்கலடா" என்று மட்டும் சொன்னாள். மூன்று மாதம் முன்பு நிலைக்குள் போன என் விரலை நான் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், கூடத்தில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியை இழுத்து அத்தான் பக்கத்தில் போட்டேன். "உக்காருங்க அத்தான்" என்றேன். மறுபடியும் சொன்னேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து நாற்காலிக் காலைத் தட்டிப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "பழைய பேப்பர் இருந்தா ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்கி, விரித்து, தரையில் உட்கார்ந்தார்.