காதர் பாயின் பேட்டரியும் என் ஹிந்தியும்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் என் மானத்தை வாங்கிவிட்டது. அதுவும் ஒரு சத்தம்கூடப் போடாமல்!

சத்தம் போட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். அதுதான் விஷயமே.

வண்டி என்னுடையதல்ல. ஃபிஜித் தீவில் வோட்டுவாலேவு என்கிற எங்கள் ஊரில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் காதர் பாயுடையது. நாங்கள் இரண்டு பேரும் தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர் காலையில் அரபி ஓதிவிட்டு வருவார், தமிழ் நன்றாகப் படிப்பார், கணக்கில் முதல். நான்... அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி போன பிறகு பாய் தனி ஆள். ஒரே மகன் ஃபாரூக், ஆக்லாந்தில் வேலை. இந்த வருஷம் பாய்க்கு நெஞ்சு வலி வந்தது. மகன் பறந்து வந்தான். அங்கேயே கூட்டிப்போய் இருதய ஆபரேஷன் செய்வதென்று முடிவாயிற்று.

ஏர்போர்ட் கிளம்புகிற அன்றைக்கு வாசலில் டாக்சி நிற்கிறது. பாயைக் காணோம். எங்கே என்று பார்த்தால், ஷெட்டில் வண்டியிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்!

"டேய் ராஜு, நான் வர்ற வரைக்கும் நீதான்டா இதுக்கு. வாரத்துக்கு ஒரு தரம் குமாவ் பண்ணிடு. இல்லேன்னா பேட்டரி பூடும்."

சொல்லிவிட்டு, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஃபிஜித் தமிழில் பாதி ஹிந்தி. 'குமாவ்' என்றால் திருப்பு. ரொட்டியைக் குமாவ் பண்ணலாம். குழாயைக் குமாவ் பண்ணலாம். ஆகவே நானும் திருப்பினேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஷெட்டைத் திறப்பேன். தார்ப்பாயை எடுப்பேன். சுவரைப் பார்த்து நின்ற வண்டியை, வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். அடுத்த வெள்ளி — வாசலிலிருந்து மறுபடி சுவருக்கு. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கடமையைச் செய்த களைப்பு முகத்தில் தெரியும்.

என் மனைவிக்குச் சந்தேகம்.

"ஏங்க, வண்டியத் திருப்பி வெச்சா பேட்டரி எப்படிங்க நிக்கும்?"

"ஒரே பக்கம் பாத்து நின்னா கரண்ட் ஒரே பக்கமா எறங்கிடும்."

"யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

என்ன ஒரு விஞ்ஞானம்! இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

இதற்கிடையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் அடிக்கடி போன் செய்வேன். பாய் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "ம்... இருக்கேன்." அவ்வளவுதான். ஒரு நாள் ஃபாரூக் போனை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய்ப் பேசினான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அங்கிள், வாப்பாவ இனிமே அங்க தனியா விட முடியாது. வந்து வீட்ட வித்துட்டு, இங்கயே வெச்சுக்கப் போறேன். அவரோ, ஊருக்குப் போகணும்னு அடம். ஏதாச்சும் ஒண்ணுன்னா அங்க யார் பார்ப்பாங்க?"

"ஏன், நான் இல்லியா? வாரம் தவறாம வண்டியப் பாத்துக்கறேனே, வாப்பாவப் பாத்துக்க மாட்டேனா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"சரி அங்கிள். வந்து பாக்கறேன்" என்றான். ஒரு மாதிரியாகத்தான் சொன்னான்.

வந்தார்கள். பாய் இளைத்துப்போயிருந்தார். சட்டைக்குள் ஆள் எங்கேயோ இருந்தார். நடை மெதுவாக. கையில் ஒரு குட்டித் தலையணை. இருமினாலும் தும்மினாலும் தையல் போட்ட நெஞ்சில் அதை அணைத்துக்கொள்ள வேண்டுமாம், டாக்டர் உத்தரவு. அப்போது பழகியது, இன்னும் விடவில்லை.

வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராக ஷெட்டுக்கு.

நான் தார்ப்பாயை விலக்கினேன், ஏதோ சிலையைத் திறந்து வைக்கிற மந்திரி மாதிரி. வண்டி வாசலைப் பார்த்து அழகாக நின்றது. ஃபாரூக் சாவியைப் போட்டான். விளக்கு எரியவில்லை. பட்டனை அழுத்தினான். ஒரு 'டிக்'... பிறகு அதுவும் இல்லை. கிக்கர் இல்லாத வண்டி. பட்டன் போனால் எல்லாம் போச்சு.

"அங்கிள், ஈ தோ மர் கைஸ்."

செத்துப்போச்சு என்கிறான். வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான்.

பாய் முகத்தில் ஏதோ அணைந்த மாதிரி இருந்தது. போனது பேட்டரி மட்டும் இல்லை. அந்த வீடு, அந்தத் தெரு, இந்த மனுஷன்... எல்லாவற்றுக்கும் நான்தான் ஜாமீன். ஜாமீன்காரர் லட்சணம் இது!

"வாரா வாரம் பண்ணேனே பாய்!" என்று அலறினேன். "ஒரு வாரம்கூட விடல!"

"என்னடா பண்ணே?"

"குமாவ்!"

"எப்படி?"

செய்தே காட்டினேன். ஹேண்டிலைப் பிடித்து, மூச்சு வாங்க, வண்டியை வாசலிலிருந்து சுவருக்குத் திருப்பினேன்.

பாய் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"அட மடையா... குமாவ்னா ஓட்டிட்டுப் போயி ஒரு ரவுண்டு சுத்திட்டு வர்றதுடா!"

அந்த அர்த்தமும் உண்டு. குழந்தையைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் வருவதும் குமாவ்தான். ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். ஆனால் எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. இதே வண்டியை ஒருமுறை கரும்புத் தோட்டத்துக்குள் விட்டு, என்னை வெளியே எடுக்க ஆள் வரவேண்டியதாயிற்று. இரண்டு அர்த்தம் இருந்தால், மனுஷன் தனக்கு வலிக்காத அர்த்தத்தைத்தானே எடுத்துக்கொள்வான்?

பாய் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "நாலு மாசமா... திருப்பித் திருப்பி..." என்று கண்ணில் தண்ணீர் வர, வண்டி சீட்டில் சாய்ந்தபடி சிரித்தார்.

ஃபாரூக் பதறினான். "வாப்பா! தையல்! அங்கிள், அவர சிரிக்க வெக்காதீங்க!"

"நான் எங்கப்பா சிரிக்க வெச்சேன்? உண்மையத்தானே சொன்னேன்!"

அது இன்னும் மோசமாகிவிட்டது.

ஒருவழியாக ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பாய் சொன்னார். மகனிடம், அவனுக்குப் புரிகிற மாதிரி நிதானமான தமிழில்.

"இவனத் திட்டாதே. நீயும் இதத்தானே பண்றே? அங்க என்னை நல்லாத்தான் பாத்துக்கறே. இல்லேங்கல. ஹீட்டர் போட்டு, போர்வையப் போத்தி, மூலையில பத்திரமா. காலையில ஜன்னலப் பாத்து உக்கார வெக்கறே. சாயங்காலம் டிவியப் பாத்துத் திருப்பி வெக்கறே."

ஃபாரூக் குனிந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நம்மில் நிறையப் பேருக்கு ஒரு நம்பிக்கை — சும்மா வைத்திருந்தால் தேயாது என்று. ஃபாரூக்தான் அப்புறம் விளக்கினான். பேட்டரி சும்மா இருந்தாலும் தன்னால் இறங்கிக்கொண்டே இருக்குமாம். ரொம்ப நாள் காலியாகவே கிடந்தால் உள்ளே படிவு கட்டி, பிறகு ஏற்றினாலும் ஏறாதாம்; நல்லவேளை, இது இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லையாம். ஒன்று, கழற்றிச் சின்ன சார்ஜரில் போட்டு வைக்கணும். இல்லை, வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டணும். ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிஷத்தில் நிறுத்தினால் இருப்பதும் போய்விடும்.

இரண்டு நிமிஷம்... நான் ஆக்லாந்துக்குப் பண்ணின போன் எல்லாம் அவ்வளவு நேரம்தான். "எப்படி இருக்கீங்க, உடம்பப் பாத்துக்கங்க, வெக்கட்டுமா?" அதற்குமேல் அழுகை வந்துவிடும் என்று பயம். இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஃபாரூக் இரவல் வாங்கிவந்த சார்ஜரில் பேட்டரியை மாட்டினான். "வேகமா ஏத்தக் கூடாது அங்கிள். மலுவா, மலுவா" என்றான். மெதுவாக என்பதற்கு இந்த ஊர் வார்த்தை. ஆக்லாந்து போயும் மறக்கவில்லை, பரவாயில்லை! மறுநாள் முழுக்கக் காத்திருந்தோம். அதற்கும் மறுநாள் பட்டனை அழுத்தினான். வண்டி இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது.

பாய் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த அதிர்வு கை வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டு விற்பனைப் பேச்சு எழவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்தான்.

"அங்கிள், வாப்பாவ உங்கள நம்பி விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க. உங்கள நம்ப முடியாது. அவரு அங்க ஒரு நாள்கூட இப்படிச் சிரிக்கல. அதனாலதான்."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வேறு வழி?

பாய் வண்டி ஓட்டக் கூடாது, பின்னால் உட்காரலாம் என்று இங்கத்திய டாக்டரும் சொல்லிவிட்டார். ஆகவே இப்போது தினமும் சாயங்காலம் நான் ஓட்டுகிறேன், பாய் பின்னால். ஏர்போர்ட் ரோடு வரைக்கும் போய் வர அரை மணி நேரம். "பஸ்டா! பஸ்ஸு! கியர மாத்து! அய்யோ, மாடு!" என்று வழி நெடுக என் காதில்தான்.

அவர் படபடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பாவம், வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று அந்த டாக்டர் கேட்கவே இல்லை.