கிட்டார் டீச்சரின் செருப்புச் சத்தம்

“டீச்சர், உங்களுக்கு ஒரு இடத்துல உட்காரவே தெரியாதா?”

இசைப் பள்ளி வகுப்பில், மாணவராக வந்த பஸ் டிரைவர் இப்படிக் கேட்டார். கிட்டார் டீச்சர் சிரித்து மழுப்பிவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

அவர் கிட்டார் கற்றுக்கொண்ட விதம் அப்படி. வீட்டில் அண்ணனுடைய பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. பாட்டைப் போட்டு, நிறுத்தி, திருப்பி, ஐந்து வருடம் தானாகவே வாசித்துப் பழகினார். அதன் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாப் பாட்டும் அரைக் கட்டை சுருதி ஏறி, விறுவிறுவென்று அவர் விரலில் குடியேறிவிட்டது. இருபது வயதில் ஒரு மேடைக் குழுவில் சேரப் போனார். முதல் பாட்டிலேயே டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“என்னம்மா, கடைசி பஸ்ஸைப் பிடிக்கணுமா? நீ முன்னாடி போ, நாங்க மெதுவா வர்றோம்.”

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ‘எக்ஸ்பிரஸ்’ என்ற பட்டப்பெயர்தான் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

தன் மாணவர்களுக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்று தாளத்தில் கறாராக இருந்தார். டீச்சர் நடப்பார், அவர் செருப்புச் சத்தத்துக்கு ஏற்ப அவர்கள் மீட்ட வேண்டும். விரல் சிக்கிச் சிக்கி, “நமக்கு இது வராது” என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர் தடித்த விரல்கள் கொண்ட பஸ் டிரைவர் மட்டுமே. சைக்கிள் கடை மாடியில் அந்த இசைப் பள்ளியை நடத்திய முதலாளி சொல்லிவிட்டார்:

“சனிக்கிழமை ஆண்டு விழாவுல உங்க ஆளு ஒரு பாட்டாவது உருப்படியா வாசிக்கட்டும்மா. இல்லேன்னா இந்த ரூமை கீபோர்டு கிளாஸுக்குக் கொடுத்துடுவேன்.”

வெள்ளிக்கிழமை ஒத்திகையில், பாதிப் பாட்டில் டிரைவரின் விரல்கள் பின்னிக்கொண்டன. இரண்டாம் முறையும் அதே இடம்.

“மெதுவா அண்ணே! எதுக்கு இப்படி ஓடறீங்க?”

“நான் எங்க ஓடறேன்? முன்னாடி போற வண்டி வேகத்துக்குத்தான் நான் போவேன். இங்க முன்னாடி போறது நீங்க. போகப்போக உங்க நடைதான் வேகமாகுது டீச்சர்.”

டீச்சர் அப்படியே நின்றார். அண்ணனின் டேப் ரெக்கார்டர் வீட்டில் எப்போதோ பழுதாகிவிட்டது. அதன் மோட்டார் இன்னும் தன் காலில் ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேடையில் டிரைவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் நாற்காலிக் கால்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். முழங்கால் துடியாய்த் துடித்தது. டிரைவர் தன் போக்கில் வாசித்தார். விரல் சிக்கும் இடம் வந்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த இடமும் தாண்டிப் போனது.

“ரூம் உங்களுக்குத்தான்,” என்றார் முதலாளி. “ஆனா ரொம்ப மெதுவா இருந்துச்சேம்மா?”

“அவசரம்னா இறங்கி நடந்து வாங்க சார்,” என்றார் டிரைவர்.

இன்றும் வகுப்பில் டீச்சர் நடக்கிறார். செருப்பை மட்டும் வாசலில் கழற்றிவிடுகிறார். விட்டுப்போன மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரை நீங்கள் எங்காவது பார்த்தால், தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். தப்பு அவர்கள் விரலில் இல்லை.