பிழையைக் காட்டி விற்ற மவுலவி

பதுளை பஜாரில் இரண்டு மாடிப் புடவைக்கடை, ஹாலிஎலையில் சொந்த வீடு, மூன்று பிள்ளைகளுக்கும் பெரிய படிப்பு. இவ்வளவையும் உண்டாக்கிய நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்து, துணி மூட்டையைத் தோளில் சுமந்து லயம் லயமாக ஏறி இறங்கினேன். யாரும் கை கொடுக்கவில்லை. புடவை மடிக்கிற வித்தையைக்கூட நானாகவே பழகினேன். இழை அறுந்திருந்தாலும் சாயம் திட்டாக விழுந்திருந்தாலும், அந்த இடம் உள்ளே போகிற மாதிரி மடித்துவிடுவேன். வீட்டுக்குப் போய் விரிக்கும்வரை வாங்கியவருக்குத் தெரியாது. அதைத் திறமை என்றே நினைத்தேன். கடை வைத்த பிறகு ஊழியர்களுக்கும் கற்றுக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில்தான் மவுலவி வேலை கேட்டு வந்தார். மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதிப் பட்டம் வாங்கியவர். பள்ளிவாசலில் அப்போது இடம் காலியில்லை. கந்தோர், ஆபீஸ் எதிலும் அவருடைய சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. நான் வேலை கொடுத்தேன். இரக்கத்தால் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக ஒருவர் முன்னால் நின்றால் சனம் நம்பும் என்று நினைத்தேன். நம்பத்தான் செய்தார்கள். தோட்டத்துப் பெண்கள் படியேறும்போதே, "மவுலவி தம்பி எங்க?" என்று கேட்பார்கள்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பசறையிலிருந்து வந்த ஓர் அம்மா, மகளின் பரிசத்துக்கு மாம்பழ நிறப் பட்டு ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். மவுலவி அதைக் கேட்டு வாங்கி, நான் மடித்ததை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, உள்ளே இருந்த சாயத் திட்டில் விரலை வைத்தார்.

"இந்தா பாருங்கம்மா, இதுல பிழை இருக்கு. பாத்துட்டு விருப்பம்னா எடுங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன் முதலாளி, போன வருசம் எனக்குக் குடுத்தீங்களே, அதையும் இப்படித்தான் மடிச்சீங்களா?"

கடை முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "மவுலவி, பயான் பண்ணி உபதேசம் சொல்றதுக்குப் பள்ளிவாசல் இருக்கு. இங்க நடக்குறது யாவாரம். அந்தத் தொப்பியக் கழட்டி வச்சிட்டு வேலையப் பாருங்க" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "குறைய மறைச்சு விக்கிறது ஹராம்னு ஓதிட்டு வந்தவன் முதலாளி. அது மட்டும் என்னால ஏலாது. மூட்டை தூக்கச் சொல்லுங்க, தூக்குறேன்."

அதற்கும் நான் இடம் கொடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவரைப் படியிறக்கினேன். கோபம் அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மா வெறுங்கையோடு போகவில்லை. மவுலவி போகிற போக்கில் எடுத்துக் கொடுத்த வேறொரு பட்டுப் புடவையை, பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போயிருந்தார். என் ஆயுளில் என்னிடம் ஒருவரும் அப்படி வாங்கியதில்லை.

இன்று மவுலவிக்கு ஹல்துமுல்லையில் சொந்தக் கடை. பிழையுள்ள புடவைகளை வாசலிலேயே தனியாகத் தொங்கவிட்டிருக்கிறார். நானும் இப்போது அப்படித்தான் விற்கிறேன். யாரிடம் படித்தேன் என்று சொன்னதில்லை. அவரைப் பார்க்க மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் கடையைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வந்தேன். லயத்து முற்றமெல்லாம் சத்தம் போட்டு விற்ற இந்த வாய்க்கு, மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை.

போன மாதம் அவருடைய மத்ரஸாவிலிருந்து இருவர், அவர் முன்பு வேலை செய்த கடை எது என்று பஜாரில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஓதி முடித்தவர்கள் தொழிலில் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். மவுலவி எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினார்கள். "பதுளையில் ஒரு நல்ல முதலாளியிடம் தொழில் பழகினேன்." அவ்வளவுதான். என் பெயரும் இல்லை, நடந்ததும் இல்லை.

மலர் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என் பங்கை விடாமல் எழுதுங்கள். ஒருவரும் எடுக்காத மனிதரை வேலைக்கு எடுத்தவன் நான். அவர் ஓதியபடி நடந்த அன்றைக்கே அவரைத் துரத்தியவனும் நான். அவர் எழுதிய அந்த வரியில் 'ஒரு நல்ல' என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.