சித்தூர் லைனும் சிங்கப்பூர் வேலையும்

நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை செங்கல்வராயனுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. 2001இல் திருப்பதியில் ஒரு தனியார் பால் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சென்னையில் விமானம். அந்த நேரம் பார்த்து சித்தூர் கிளைக்குக் கம்ப்யூட்டர் தகவல் போகும் டெலிபோன் லைன் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் விடுவிப்புக் கடிதம் கிடையாது என்று மேனேஜர் கோவர்த்தனன் சொல்லிவிட்டார். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாதாம். தெரியாமல் பார்த்துக்கொண்டவனே இவன்தான். லைனின் இரண்டு முனையிலும் தகவலை அனுப்பி வாங்கும் பெட்டியான ரூட்டரின் பாஸ்வேர்டை ஒருவருக்கும் சொன்னதில்லை. தான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன்.

சித்தூரில் பழைய ரூட்டர் புகைந்துபோய், வேறு கம்பெனி ரூட்டர் வந்திருந்தது. கம்பி சரி, சிக்னல் சரி, தகவல் மட்டும் போகவில்லை. டெலிபோன்காரர்களோடு சண்டை போட்டான். பாகாலா வழியாக நான்கு நாளில் மூன்று தடவை பஸ்ஸில் அலைந்தான். சித்தூரில் இருந்தால் கோளாறு திருப்பதியில் என்று தோன்றும், திருப்பதி வந்தால் சித்தூரில் என்று தோன்றும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான், சித்தூரிலிருந்து எடுத்து வந்திருந்த புது ரூட்டர் புத்தகத்தைத் திருப்பதியில் பிரித்தான். ரூட்டர் தகவலை ஓர் உறையில் போட்டுத்தான் லைனில் அனுப்பும். எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு ஊர் ரூட்டருமே ஹெச்டிஎல்சி என்ற உறையைப் போடும். பெயர் ஒன்றானாலும் ஒவ்வொரு கம்பெனியும் அதில் விலாசத்தைத் தன் இஷ்டத்துக்கு எழுதும். எல்லோருக்கும் பொதுவான உறை பிபிபி. இரண்டு பக்கமும் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இத்தனை வருடம் எதையும் தேர்ந்தெடுக்காமலே காலம் தள்ளியதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

திருப்பதிப் பக்கத்தை மாற்றினான். இனிமேல் பஸ் பிடித்தால் போய்ச் சேர்வதற்குள் சித்தூர் ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் அங்கே கிளார்க்காக இருந்த சந்திரம்மாவுக்குப் போன் போட்டான். முதல்முறையாகப் பாஸ்வேர்டை இன்னொருவருக்குச் சொன்னான்.

"ஒவ்வொரு எழுத்தா சொல்லிக்கினு வா தம்பி, நான் அடிச்சிக்கினு வரேன்" என்றார் அவர்.

பத்தே நிமிடத்தில் சித்தூர்ப் பக்கமும் பிபிபிக்கு மாறியது. லைன் உயிர்பெற்றது.

கோவர்த்தனன் உடனே விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "இனிமே சந்திரம்மா பாத்துக்குவாங்க. நீ நிம்மதியா கெளம்பு."

கேட்டது கையில் இருந்தது. ஆனாலும் மனசு சுருக்கென்றது. சித்தூருக்கு மறுபடி போன் போட்டு, ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி, நல்லா ஓடிக்கினு இருக்குது. வேல கெடக்குது, போன வெச்சிடட்டா?"